எல்லைக்கு இந்தப் பக்கத்துச் சௌகரியங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. கைபேசியில் அந்த அழைப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. மகளுக்கு நான் செய்த அழைப்பு, முப்பத்தாறு வினாடி.

"பாப்பா, கையைத் தொடச்சிட்டு ஆபீசுக்கு வா. வந்திருக்கவங்க ஒன்னப் பாக்கணுங்கிறாங்க."

"அம்மா, பிளேட்டு கட்டிங்குக்கு ஏத்தியாச்சு. இன்னும் நம்பர் குத்தல."

"அஞ்சு நிமிசந்தான். அது எங்கிட்டும் ஓடிப் போயிராது, வா."

நாங்கள் இருவரும் வேலை பார்த்த செட் குளத்தூர் தாலுகாவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம் போனால் புதுக்கோட்டை மாவட்டம் முடிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரம், விமான நிலையம், எங்கள் தெரு முழுவதற்கும் வேலை கொடுக்கிற பெரிய கம்பெனி. இந்தப் பக்கம் வரிசையாகத் தகர செட்டுகள். எல்லாச் செட்டிலும் ஒரே வேலைதான். இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கொதிகலன் பாகங்களாக அந்தப் பக்கம் அனுப்புவது. நான் பதினாறு வருடமாக ஆபீசில் டாக்குமென்ட் பார்த்தேன். மகள் டிப்ளமோ முடித்து, ஒரு வருடமாக அதே செட்டில் தரம் பார்க்கும் இன்ஜினியர்.

அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. நான்தான் தடுத்தேன். அவள் அப்பா குவைத்துக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் ஒருத்தராவது சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிப் போட வேண்டும் என்று நினைத்தேன். "வேலை நம்ம வாசலுக்கே வந்திருக்கு, நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் போறே?" என்று கேட்டேன். ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள்.

அன்று வந்திருந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தொழில்காரர்கள், நான்கு பேர். எங்கள் முதலாளியின் இன்னொரு செட் காலியாகக் கிடந்தது. அதை எடுத்து நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். இப்படி யார் வந்தாலும் இந்த இடத்தின் சௌகரியங்களைச் சொல்வது என் வேலை. "நீங்க சொன்னாத்தாம்மா எடுபடுது, நான் சொன்னா விக்க வந்தவன் மாதிரி இருக்கு" என்பார். எனக்கு அது மனப்பாடம். எல்லையைத் தாண்டினால் நிலத்தை விலை கேட்கவே முடியாது, இங்கே இன்னும் கேட்கலாம். பின்தங்கிய மாவட்டம் என்பதால் மானியம் உண்டு. காலையில் விமானத்தில் இறங்கினால் டீ ஆறுவதற்குள் செட்டுக்கு வந்துவிடலாம். வெட்டுவது, உருட்டுவது, பற்றவைத்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது எல்லாம் ஒரே தெருவில். ஒரு செட்டில் வேலை நின்றால் பக்கத்துச் செட்டில் அன்றைக்கே தொடரலாம், வாங்குகிறவருக்கு ஒரு நாள்கூட வீணாகாது. கடைசியாக, உள்ளூர்ப் பிள்ளைகள். வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள், விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். அதற்குச் சாட்சியாகத்தான் மகளைக் கூப்பிட்டேன்.

அவள் கிளம்பியபோது ஃபோர்மேன் கத்தியது ஆபீஸ் வரை கேட்டது. "இன்ஜினியரம்மா, போட்டோ எடுப்பாங்க, பவுடர் போட்டுட்டுப் போங்க!"

"ஒங்க மூஞ்சிக்கு மொதல்ல போடுங்கண்ணே, கேமரா பயந்துரும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

நம்பர் என்று அவள் சொன்னதை விளக்க வேண்டும். ஆலையில் இரும்பு உருகி பிளேட்டாக வரும்போதே ஒரு மூலையில் எண் பதித்து அனுப்புவார்கள். அது எந்தக் கலவை, எவ்வளவு சூடு தாங்கும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்கான சான்றிதழில் இருக்கும். பிளேட்டை வெட்டும் முன், வெட்டப்போகிற ஒவ்வொரு துண்டிலும் அதே எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பக்கத்தில் தரம் பார்த்தவரின் முத்திரை. இது முடிந்த பிறகே வெட்டலாம். எண் இல்லாத துண்டு எங்கள் தெருவில் வெறும் பழைய இரும்பு. மகளின் முத்திரை ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓர் எண். கம்பெனி பரீட்சை வைத்துக் கொடுத்தது. அதை அடித்துப் பதிக்கிற எஃகுத் துண்டைப் பழைய கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருப்பாள்.

ஐந்து நிமிடம் அரை மணி நேரமாயிற்று. வந்தவர்கள் அவளிடம் ஏதேதோ கேட்டார்கள், படம் எடுத்தார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன். அந்த நேரத்தில் செட்டில் பிளேட்டை வெட்டிவிட்டார்கள். அன்று வெட்டுமேடையில் இரண்டு பிளேட்டுகள் இருந்தன. ஒரே கனம், ஒரே நிறம். ஒன்று சூடு தாங்கும் அலாய், மற்றது சாதா. எண் இருந்த மூலைகள் கழிவோடு போய்விட்டன. துண்டுகளை ஒரே குவியலாக அடுக்கியிருந்தார்கள்.

"ஏண்ணே, நான் வர்றதுக்குள்ள எதுக்குண்ணே வெட்டுனீங்க?" அவள் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்தாள்.

"கட்டர் சும்மா நின்னா மொதலாளி என்னயத்தான் கேப்பாரு. நம்பர் புக்குல இருக்குல்ல? பாத்துக் குத்து பாப்பா. இரும்பு என்ன, வாயைத் தொறந்து பேசவா போகுது?"

அவள் மாட்டேன் என்றாள். துண்டுகளைத் தனியே வைத்து, அடையாளம் போய்விட்டது என்று கம்பெனிக்கு எழுதலாம், வேறு பிளேட் கேட்கலாம் என்றாள். செட்டின் பெயருக்குக் கறுப்புப் புள்ளி விழும், ஆனால் பொய் இருக்காது. முதலாளி வந்தவர்களை அனுப்பிவிட்டு வந்து விசயத்தைக் கேட்டுக்கொண்டார். "டாக்குமென்ட் அம்மாவையும் கேட்டுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் செட்டுக்குள் போனேன். ஒரு வருடம் முடியப்போகிறது, அந்த மாதந்தான் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தது. இப்போது ஒரு கடிதம் போனால் நிரந்தரம் நின்றுபோய், அவளைப் புனேக்குத்தான் அனுப்ப வேண்டிவரும் என்று பயந்தேன். அந்தப் பயத்தைத் தவிர அப்போது என் மூளையில் வேறு எதுவும் இல்லை.

"குவியல்ல இந்தப் பக்கம் அடுக்குனதுதான் அலாய்ங்கிறாங்க. குத்திரு பாப்பா."

"நீயாம்மா சொல்றே?"

"நாந்தான் சொல்றேன்."

ஆபீசில் உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி. அலாய் என்று ஒதுக்கிய பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சற்று நின்று ஓர் அடி, அது அவளுடைய முத்திரை. நான் அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஒரே ஸ்கூட்டியில்தான் போய்வந்தோம். அவள் முதுகு என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வியாழன் மத்தியானம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முதலாளி அறை வரை போனேன். அவர் போனில் கோயம்புத்தூர்க்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். செட்டை எடுத்துக்கொள்கிறார்களாம். நான் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கதவிலிருந்து என் நாற்காலிக்கு எட்டு அடி தூரம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் நடந்த மிகக் கேவலமான தூரம் அது.

எல்லாம் முடிந்து இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஆசைப்பட்டபடியே சாயங்காலமும் இருக்கிறாள், காலையும் இருக்கிறாள். புனேக்காரர்களுக்கு மறுபடி எழுதிப் பார்த்தோம், பதில் இல்லை. குவைத்திலிருந்து அவள் அப்பா பேசும்போது நல்லா இருக்கேன் என்கிறாள். போனை என்னிடம் கொடுக்கும்போது என் கையைத் தொடாமல் மேசையில் வைக்கிறாள். தெருவில் யாராவது எதையாவது சுத்தியலால் அடித்தால் நான் பன்னிரண்டு வரை எண்ணுகிறேன். நிறுத்த முடியவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். என் வயதுக்காரர், சத்தமாகப் பேசாதவர். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். இரும்பின் மேல் வைத்து அழுத்தினால் அதன் கலவையைச் சொல்லிவிடும். முதல் ஆறு துண்டும் சரியாக இருந்தன. நான் மூச்சு விட்டேன். ஏழாவதில் கருவியை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். ஒன்பதாவதிலும். அந்த இரண்டும் சாதா இரும்பு.

"இந்த முத்திரை யாருதுங்க?"

"என்னோடதுங்க சார்" என்றாள் மகள்.

"பிளேட்டைப் பாத்துக் குத்துனீங்களா?"

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லைங்க சார்."

"சார், நான்தான் குத்தச் சொன்னேன்" என்றேன். "இவ மாட்டேன்னுதான் சொன்னா. நான் இவ அம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அது ஒங்க வீட்டு விசயங்கம்மா. இரும்புல யாரு முத்திரை இருக்கோ, அதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். கையை நீட்டினார். மகள் கைக்குட்டையைப் பிரித்து எஃகுத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். இந்த முத்திரை எண் செல்லாது என்று இன்றைக்கே எல்லாச் செட்டுக்கும் தகவல் போய்விடும் என்றார்.

முதலாளி குறுக்கே வந்தார். "சார், ரெண்டு நாள் குடுங்க. வேற பிளேட்டு போட்டு முடிச்சுத் தர்றோம்."

"வேணாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி சொல்லிருங்க, எங்க பிளேட்டை எல்லாம் ஏத்தி விட்டுருங்க. பக்கத்துச் செட்ல பேசிட்டேன், மத்தியானமே ஆரம்பிச்சிருவாங்க. இந்தப் பக்கம் அது ஒரு சௌகரியங்க, ஒரு நாள்கூட வீணாகாது."