தேங்காய் எண்ணெயும் மின்னுருண்டையும்

தவநாயகி வென்றவை: சிறுவயதிலிருந்து விடாத திக்குவாய், குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு வருடக்கணக்காக நடந்து பெற்ற விசா, இரவு வகுப்பில் தேறிய பௌதிகம். கடைசியாக, ஒரு சனிக்கிழமை, தேங்காய் எண்ணெய்.

இந்தக் கடைசி வெற்றியைச் சொல்லாமல் அவளுடைய அண்ணன் யோகலிங்கம் தங்கையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எப்போதோ உலகக் கண்காட்சிக்கென்று கட்டிய மண்டபமொன்று, லண்டனில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் விஞ்ஞானக் கூடமாகியிருந்தது. 'தொடாதே' என்று எழுதிய பலகை ஒன்றுகூட அங்கே கிடையாது. அங்கே கன்ரீன் மேசை துடைத்துக்கொண்டிருந்த தவநாயகிக்குப் பரிசோதனைகளைச் செய்து காட்டும் வேலையில் ஆசை. அதற்கு ஒரு கூட்டத்தின் முன்னால் மின்னுருண்டையை இயக்கிக் காட்டவேண்டும். பிசகினால் மறுபடி மேசைதான். அவள் விம்பிள்டன் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்திருந்தாள். வான் ஓட்டியவர் யோகலிங்கம்.

உருண்டையில் கை வைத்தால் உடம்பில் மின்சாரம் ஏறித் தலைமுடி சிலிர்த்து எழும்பும். லலிதா என்ற சிறுமி பிளாஸ்ரிக் முக்காலியில் ஏறிக் கை வைத்தாள். இயந்திரம் இரைந்தது. இரட்டைப் பின்னல் அசையவில்லை. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. பொறுப்பாளர் கத்தரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையின் உதட்டில் பழைய திக்கல் துடிப்பதை யோகலிங்கம் கண்டார்.

அப்போதுதான் வாசம் மூக்கில் ஏறியது. வெளியே போகிற பிள்ளைகள் என்று தாய்மார் ஒரு தலை விடாமல் எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தார்கள்.

"தங்கச்சி, எண்ணெய்! மயிரெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு."

"ஓம் அண்ணை! அப்ப நீங்கள் ஏறுங்கோ."

"என்ர மொட்டையில என்னத்தை எழுப்பப் போறாய்?"

"தலை வேண்டாம். சட்டைக் கையை மடியுங்கோ. அந்தக் கரடிக் கைக்கு ஆரும் எண்ணெய் வைக்கேல்லைத்தானே?"

யோகலிங்கம் ஏறினார். கை மயிர் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

"மாமா, யூ ஆர் அ முள்ளம்பன்றி!" என்று லலிதா கத்தினாள். "ஏன் மாமாக்கு மட்டும்?"

தவநாயகி திக்காமல் சொன்னாள்: "ஒரே மின்சாரம் ஏறின மயிர் ஒண்டையொண்டு தள்ளும். உங்கட தலையில எண்ணெய் மயிரை எழும்ப விடாமல் பிடிச்சு வைச்சிருக்கு."

"அப்ப நான் தலை முழுகிப்போட்டு வரட்டே?"

ஆவலில் கத்தரினும் அந்தக் கையைத் தொட விரலை நீட்டினார். பளிச்சென்று ஒரு பொறி. துள்ளி விலகியவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தவநாயகியிடம் கொடுத்தார்.

இயந்திரத்தின் பின்புறப் பலகையில், அதை இயக்கத் தேறியவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. அவற்றின் கீழே தவநாயகி தன் முழுப் பெயரைத் தமிழில் ஒப்பமிட்டாள். மை காயும்வரை யோகலிங்கம் எவரையும் கிட்ட விடவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் அவள் எழுதிய திகதி: 1989 ஒக்ரோபர் 14.