சாட்சிக்காக மதுரை போன ரெஜினா

இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அலுவலக வராந்தாவில் நின்றிருந்தபோதுதான் வழக்கறிஞர் ரெஜினா காலமான செய்தி வந்தது. சில மாதங்களாகவே மில்லர்புரம் வீட்டில் உடம்புக்கு முடியாமல்தான் இருந்தார். ஆனாலும் அன்று எனக்கு எதிராக ஆஜராவதாகச் சொல்லியிருந்தார். நண்பர்களே, நான் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல். அவரிடம் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அங்கேயே அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

எல்லா உத்தரவையும் எதிர்த்து மேலே போகிறவர் அல்ல ரெஜினா. வாய்தா தள்ளிப்போனதற்கெல்லாம் உயர்நீதிமன்றம் ஓடுகிறவர்களைக் கேலி செய்வார். செல்வம் வழக்கில் மட்டும் உடனே கிளம்பினார்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது செல்வத்தின் வலது கை நசுங்கியது. அன்று அவர் உள்ளே போனது மச்சான் ஜேசுராஜின் நுழைவு பாஸில். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் பாஸை வீட்டில் இன்னொருவர் எடுத்துப்போவது சுமை தூக்குகிறவர்களிடையே சகஜம். நுழைவாயில் பதிவேட்டில் செல்வம் பெயரே இல்லை. பதிவேடு இருக்கும்போது சாட்சி எதற்கு என்று வாதிட்டேன். ஜேசுராஜை விசாரிக்கக் கோரிய ரெஜினாவின் மனு தள்ளுபடியானது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இறுதித் தீர்ப்பு வந்தபின் மொத்தமாக அப்பீல் போடலாமே என்று பெருந்தன்மையாக யோசனை வேறு சொன்னேன்.

"இடைக்கால உத்தரவுன்னா சின்னதுன்னு நினைக்கிய, அண்ணாச்சி. சாட்சியவே கேக்காம எழுதுத தீர்ப்புல என்ன இருக்கும்?" என்றார்.

உண்மையைச் சொன்னால் ஜேசுராஜின் பிழைப்பு போய்விடும். அதை ரெஜினா அவரிடம் மறைக்கவில்லை. என் காதுபடவே சொன்னார்: "பாஸ் போனாலும் போவும். தெரிஞ்சிட்டு கையெழுத்துப் போடு. வேண்டாம்னா இப்பவே சொல்லு, நான் வேற வழி பாக்கேன்." ஜேசுராஜ் கையெழுத்துப் போட்டார்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் அந்த உத்தரவு ரத்தானது. ஜேசுராஜ் கூண்டேறினார். துறைமுகத்தை ஏமாற்றினீர்களா என்று மடக்கினேன். ஆமாம் என்றார். குறுக்கு விசாரணையை முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்வம் ஜெயித்தார், ஜேசுராஜின் பாஸ் ரத்தானது. அதை எதிர்த்தும் ரெஜினா வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதிக்க முடியாது என்று அதிலும் ஓர் இடைக்கால உத்தரவு.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஜேசுராஜ் அந்த வழக்குக் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கூண்டில் மடக்கியவனிடமா வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வக்கீலம்மாதான் சொல்லியிருந்தாவ, அண்ணாச்சி. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவர்ட்ட போ, அவரு வேலைய ஒழுங்கா பாப்பாருன்னு."

ரெஜினாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கட்டுதான். அந்த இடைக்கால உத்தரவை எதிர்த்து அவர் எழுதிவந்த மேல்மனுவை, பாதியில் விட்டிருந்த பத்தியிலிருந்து எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை மதுரை போகிறேன்.