முகத்துவாரம் தாண்டிய கடைக்குட்டி

நாயாற்றில் பஸ்தியாம்பிள்ளைக்கும் புனிதத்துக்கும் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜெனுசன், அடுத்தவன் தர்ஷன், கடைக்குட்டி பிறின்சி. அண்ணன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். தகப்பனுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனபிறகு, அவருடைய சின்ன வள்ளத்தையும் பழைய எஞ்சினையும் பிறின்சி எடுத்துக்கொண்டாள். கடலை ஒட்டிய உப்புநீர் ஏரியான களப்பில் இறால் பிடித்தாள்.

"பெரியண்ணா, நானும் ஒருநாள் கடலுக்கு வாறன்" என்று அவள் கேட்காத மாதமில்லை.

"களப்புத் தண்ணி உன்ர இடுப்பளவு. கடல் அப்பிடியில்லை. நீ சின்னன், இறாலைப் பார்" என்று ஜெனுசன் சிரிப்பான். தர்ஷன் இன்னும் ஒருபடி மேல். "இவள் வந்தால் மீனெல்லாம் சிரிச்சே செத்துப்போகும்" என்று கரையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வான்.

போன மார்கழியில் பெருமழை பெய்தது. களப்பு நிறைந்து, முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு வெள்ளம் கடலுக்குள் பாய்ந்தது. மழை விட்ட ஒரு காலையில் அண்ணன்மார் தொழிலுக்குப் போனார்கள். மத்தியானம் வாடைக்காற்று எழும்பிவிட்டது. திரும்பும் வழியில், கரைக்குத் தெரிகிற தூரத்திலேயே எஞ்சின் நின்றது. பக்கவாட்டில் வந்த அலையொன்று படகைக் கவிழ்த்தது.

கரை முழுக்கச் சனம். கவிழ்ந்த படகின் முதுகில் இரண்டு தலைகள் தெரிந்தன. காற்று அவர்களைக் கரைப்பக்கம் தள்ள, வெள்ளம் மறுபடி வெளியே இழுத்தது. அண்ணன்மாரைப்போலக் கடலுக்குப் போகிற பாலனும் இன்னும் சிலரும் தங்கள் படகைத் தள்ளிப் பார்த்தார்கள். அலை அதைத் தூக்கி மணலில் எறிந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ, கடல் அடங்கட்டும்" என்றான் பாலன்.

"அதுவரைக்கும் என்ர பிள்ளையள் பிடிச்சுக்கொண்டு கிடப்பாங்களோ?" என்று புனிதம் மணலில் விழுந்து கதறினாள்.

பிறின்சி அங்கே நிற்கவில்லை. கடலுக்கு முதுகு காட்டிக் களப்பை நோக்கி ஓடினாள். வெள்ளத்தோடு போன மரக்கட்டைகளை அவள் முகத்துவாரத்தில் கண்டிருந்தாள். நடுவால் போனவை அலையில் புரண்டு திரும்பி வந்தன. தெற்கு ஓரத்தால் போனவை நேரே வெளியே போயின. அங்கே வெள்ளம் ஆழமாகத் தோண்டியிருந்தது, அலை உடையவில்லை.

தன் வள்ளத்தில் ஏறி அவள் எஞ்சினை இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பிடித்தது! தகப்பன் காலை இழுத்து இழுத்து வந்து கத்தினார்.

"பிள்ளை, கயிறு கிடக்கோ?"

"ஓம் அப்பா! வெறும் எண்ணெய்க் கானும் கிடக்கு, மிதக்கும்!"

வெள்ளம் வள்ளத்தை அள்ளிக்கொண்டு போனது. இடப்பக்கம் வெள்ளைச் சுவர்போல அலைகள் உடைந்தன. பிறின்சி தெற்கு ஓரத்தை விடவில்லை. முகத்தில் தண்ணீர் அறைந்தது. வள்ளம் ஒருமுறை செங்குத்தாக எழும்பி, தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டாள்! பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அவள் உரக்கக் கூவிவிட்டாள்.

"கிட்ட வராதை! நீயும் கவிழ்ந்திடுவாய்!" என்று ஜெனுசன் அலறினான்.

"கதையை விட்டிட்டுக் கானைப் பிடி, பெரியண்ணா!"

கயிற்றில் கட்டிய வெறும் கானை வீசினாள். முதலில் தர்ஷன் ஏறினான். ஜெனுசனின் விரல்கள் விறைத்திருந்தன. இருவரும் அவனுடைய சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

வந்த வழியால் திரும்ப முடியாது. வெள்ளத்தை எதிர்க்க அந்த எஞ்சின் போதாது. பிறின்சி தெற்கே ஓட்டிப்போய், அலை சிறுத்த இடத்தில் காத்திருந்தாள். ஒரு பெரிய அலை உடைந்து போனதும் அதன் பின்னாலேயே முழு வேகத்தில் விட்டாள். கடற்கரை நெடுக ஓடிவந்த சனம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தை ஏந்தியது. புனிதம் மூவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டாள். தர்ஷன் குடித்த உப்புத்தண்ணீரைச் வாந்தியெடுத்துவிட்டுத் தங்கச்சியின் தோளில் சாய்ந்து அழுதான்.

கரையொதுங்கிய படகைத் தைமாதம் திருத்தி முடித்தார்கள். பிறின்சி இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஜெனுசன் வந்து நின்றான்.

"நாளைக்கு வாறியோ?"

"எங்கை?"

"கடலுக்கு."

கூடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழும்பி அவள் அம்மாவிடம் ஓடினாள்.

கரை மறைந்த ஆழ்கடலில் அவள் முதன்முதலாக இழுத்த வலையில் ஓர் அறக்குளா மீன் வந்தது, அவளுடைய கை நீளம். பிறின்சி போட்ட கூச்சலில் பக்கத்துப் படகில் நின்ற பாலன் பதறிப்போனான்.

"என்னடா நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை!" என்று தர்ஷன் இரண்டு கையையும் வாயில் வைத்துக் கத்தினான். "எங்கட தங்கச்சி மீன் பிடிச்சிட்டாள்!"