தலைவருக்கு ஒரு மண்டபம்

எங்கள் இளைஞர் மன்றத்தின் தலைவர் ஓய்வு பெற்றபோது அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அதற்குப் பதில் அவரை நடுரோட்டில் நிற்க வைத்துத் திட்டியிருக்கலாம்.

எங்கள் ஊர் நூம்பலில் மன்றத்துக்கென்று இருந்தது ஒரு காலி மைதானம். பள்ளிக்கூட நாளில் நான் வாலிபால் பழகியது அங்கேதான். இப்போது ஆபீஸ் முடிந்து வந்து பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கேதான். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அந்த இடம் மட்டும் தப்பியது தலைவரால். கோயில் கட்ட வந்தவர், கடை போட வந்தவர், கொடிக்கம்பம் நட வந்தவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "புள்ளைங்க ஆட்ற எடம். வேற எங்கனா பாத்துக்க நைனா."

விழா மேடையை ஆடுகளத்தின் நடுவிலேயே போட்டார்கள். கல்யாண நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கொளுத்தும் வெயிலில் சால்வை மேல் சால்வையாகப் போர்த்தினார்கள். கழற்றிய சால்வை மேடைக்குப் பின்பக்கமாகப் போய், அடுத்த பிரமுகரின் கையில் திரும்பி வந்தது. அதிலிருந்த டீக்கறையை வைத்து நான் கண்டுபிடித்தேன்.

பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் ஒரு பந்தைத் தொட்டிராத மகாராசன். "தலைவர் பேர்ல இதே கிரவுண்டுல பாராட்டு மண்டபம் கட்டப்போறோம்!" என்றார். விசில் பறந்தது.

தலைவர் எழுந்தார். "வேணாம்பா. எம்பேர்ல ஒண்ணும் கட்டாதீங்க. கிரவுண்ட கிரவுண்டாவே உடுங்க."

எங்கள் பக்கத்து மேடைகளில் 'எனக்கெதற்கு இதெல்லாம்' என்று சொல்லாத ஆளே கிடையாது. சொன்னால் கை தட்ட வேண்டும், அதுவும் வழக்கம். தட்டினார்கள்.

"அண்ணாத்தேக்கு இன்னா தன்னடக்கம் பாரேன்!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் மறுபடியும் வேணாம் என்றார். கைத்தட்டல் இன்னும் பலமானது. ஒரு மனுஷன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்பது இந்த ஜென்மங்களுக்கு எப்போது ஏறும்?

மேடைக்கு முன்னால் சின்னப் பள்ளம் வெட்டி, மஞ்சள் தடவிய செங்கல் ஒன்றை அதில் தயாராக வைத்திருந்தார்கள். தலைவர் விறுவிறுவென்று இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடுங்கப் பார்த்தார். "அப்டியே இருங்க சார்," என்று போட்டோக்காரர் படமெடுத்தார். செயலாளரும் கூட்டாளிகளும் ஓடிவந்து தாங்களும் கை வைத்து அமுக்கினார்கள். கல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் மைதானத்து வாசலில் பேனர் தொங்கியது. 'பொற்கரங்களால் அடிக்கல் நாட்டிய எங்கள் தலைவர்!' குனிந்த உடம்பு அன்று எடுத்தது. முகத்தை மட்டும் வேறு ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். பல் தெரியச் சிரித்தது.

ஆடுகளத்தில் லாரிக்காரன் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வாலிபால் நெட்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார். பேனரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அன்னிக்கு சிரிக்கலியேம்மா," என்றார்.