சந்தனம் பூசிய புத்தகங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில், புளியங்குளத்துக்குக் கிழக்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில், கிராமச் சங்கத்து நூல்நிலையத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு சிறு மண்டபம், மூன்று அலுமாரிகள், சில நூறு புத்தகங்கள். யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடித்து வந்த சூடு எனக்கு. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அதன் பொருளுக்குரிய எண்ணை எழுதிச் சீட்டு ஒட்டினேன். அந்த எண்களின் வரிசையிலேயே அடுக்கினேன். பதிவேட்டில் கையெழுத்து வைக்காமல் சங்கத் தலைவரைக்கூட ஒரு புத்தகம் கொண்டுபோக விட்டதில்லை. அவருக்கு அதில் கோபம். எனக்கு அதில் பெருமை.

பிறகு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. என் இடத்துக்கு வந்தவர் அதுவரை கூட்டுறவுக் கடையில் நின்றவர், தலைவருக்கு வேண்டியவர். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் கையளிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். நான் பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அலுமாரிப் பூட்டுகளின் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புரட்டாதியில் சரசுவதி பூசைக்குப் புதியவர் என்னை அழைத்தார். விசயதசமியன்று காலையில் போனேன். அலுமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. புத்தகங்கள் எல்லாம் கலைமகள் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியின் மேல் குவிந்திருந்தன. என் காலத்தில் நாலைந்து புத்தகங்களை மட்டும் படத்தடியில் வைப்பது வழக்கம். இவர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. போதாததற்கு, ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார், நான் ஒட்டிய சீட்டுகளின் மேலேயே. எண் ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் ஒரு கமக்காரர் காத்துக்கொண்டு நின்றார். உழவுக்கு அவர் வைத்திருந்த நாலு எருமைகளில் ஒன்று தொண்டை வீங்கிச் செத்துவிட்டது. இன்னொன்று தீன் எடுக்கவில்லை. மாட்டு வைத்தியர் வர ஒரு கிழமை ஆகும். இந்த நோய் வந்தால் மற்ற மாடுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லும் சிறு புத்தகம் ஒன்றை அவர் முன்பு இங்கே வாசித்திருக்கிறார்.

"நேற்றும் வந்தனான் ஐயா. புத்தகம் பூசையில இருக்கு, தொடக்கூடாது எண்டார். மழை துவங்க முதல் உழவேணும். மிச்சமும் போனா நான் என்னத்தால உழுறது?"

பூசை முடிந்ததும் மூவருமாகக் குவியலைக் கிளறினோம். எண்ணைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எடுக்க வேண்டியதை, அட்டை அட்டையாகத் திருப்பித் தேட மத்தியானம் ஆகிவிட்டது. அந்தப் புத்தகம் அகப்படவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதென்ன, கடையில சவர்க்காரம் அடுக்கிற வேலையெண்டு நினைச்சீங்களோ? இப்ப வாற நூலகர்மார் எல்லாம் இப்பிடித்தான். முறையும் தெரியாது, கவனமும் இல்லை."

கமக்காரர் முன்னிலையிலேயே சொன்னேன். புதியவரின் முகம் கறுத்துப்போனது.

"சாமிக்கு முன்னால வைச்சா நல்லதெண்டுதான் செய்தனான் அண்ணை" என்றார்.

கமக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வவுனியாவுக்குத் திரும்பியதும், நூலகத் தொழிலின் தரம் தாழ்ந்து போவது பற்றி மேலிடத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பயிற்சியில்லாதவர்களின் கையில் புத்தகம் இருந்தும் இல்லாததுதான் என்று அதில் ஒரு வரி. நன்றாகவே எழுதியிருந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கார்த்திகை மழையில் என் அறைக் கூரை ஒழுகியது. நனைந்துவிடும் என்று பெட்டியிலிருந்த உடுப்புகளை வெளியே எடுத்தேன். அடியில் அந்தச் சிறு புத்தகம் கிடந்தது. முதுகில் என் கையெழுத்தில் எண், சந்தனம் படாமல். மாற்றம் வருமுன் ஒருமுறை ஊருக்குப் போனபோது, எங்கள் வீட்டுப் பசுவுக்குச் சுகமில்லை என்று கொண்டுபோனது. பதிவேட்டில் எழுதவில்லை. பொறுப்பாளர் நானே, எனக்கு எதற்குப் பதிவு என்று நினைத்திருப்பேன். முறைப்படி கையளித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். நூல்நிலையத்தில் அலுமாரிகள் ஒழுங்காக இருந்தன. புதியவர் சந்தனத்தைச் சுரண்டி, பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண்ணை மறுபடி எழுதி ஒட்டியிருந்தார். கமக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"நாலும் செத்துப்போச்சு அண்ணை. அந்த வயல் இந்தமுறை விதைக்கேல்லை."

புத்தகத்தை மேசையில் வைத்தேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. பெட்டியில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் கையில் எடுத்து முதுகைப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பதிவேட்டை விரித்து, பேனையை என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்த திகதியைப் போட்டு ஒருக்கா கையெழுத்து வையுங்கோ அண்ணை. நீங்கள் வைச்ச முறைதானே."

கையெழுத்து வைத்தேன். எடுத்த திகதி எனக்கு ஞாபகம் வரவில்லை.