மாயவனுக்கு ஊற்றியது

வடக்கனந்தல் காசியம்மாள் ஆறு வருஷமாக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியாக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள். பாத்திரம், துணி, கூடவே பாதிச் சமையல். புருஷன் மாயவன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தபின், கரும்பு வெட்டுக் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறியவள். ஊருக்கு வந்தால் வாய் ஓயாமல் கொரியாக் கதைதான். பாதியை நம்பலாம்.

அவள் தங்கை செவ்வந்தியை மாயவனின் தம்பி வேடியப்பனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அண்ணன் போன வழியிலேயே தம்பியும் போய்க்கொண்டிருந்தான். இனி ஒரு சொட்டும் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனும் மாசக் கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா வந்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவான்.

அன்றைக்கு, செத்தவர்களுக்குப் புதைத்த இடத்திலேயே படையல் போடுவது எங்கள் வழக்கம். அவரவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். மாயவனுக்கு என்ன பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். கற்பூரம் அணைந்ததும், படைத்த பொருளை வீணாக்கக் கூடாதென்று வேடியப்பன் அந்தப் பாட்டிலை எடுத்துக் குடிப்பான். அன்று தொட்டால் ஆடி வரைக்கும் நிற்காது. ஒரு வருஷம் பாட்டிலே வேண்டாம் என்று காசியம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"அது இல்லாம அண்ணன் எப்டி அண்ணி வரும்?" என்று அவன் அழுதேவிட்டான். பங்காளிகள் எல்லாரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தங்கையும் தன்னைப் போல நிற்கப்போகிறாள் என்ற பயத்தோடுதான் காசியம்மாள் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறுவாள்.

போன வருஷம் அந்தக் கொரியாக்காரர் வீட்டில் சூசோக் பண்டிகை. அறுவடை முடிந்து வரும் முழுநிலா நாள். செத்த பெரியவர்களுக்குப் படைக்கிற நாளும் அதுதான். முதல்நாள் வீட்டுக்கார மேடமும் காசியம்மாளும் உட்கார்ந்து, எள்ளும் சர்க்கரையும் வைத்து அரைநிலா வடிவத்தில் கொழுக்கட்டை பிடித்தார்கள். அதைப் பைன் மரத்து ஊசியிலைகளின் மேல் வைத்து அவித்தார்கள். அழகாகப் பிடிக்கிறவளுக்கு அழகான பெண் பிறக்கும் என்று மேடம் கையைக் காட்டிச் சிரித்தாள்.

"இனிமே பொறந்து இன்னாங்க ஆவப்போவுது?" என்றாள் காசியம்மாள்.

மறுநாள் காலையில், மேடத்தின் புருஷன் யூன் சாருடைய செத்துப்போன அப்பா படத்துக்கு முன்னால் தாழ்வான மேஜை போட்டு, மீன், சூப், பேரிக்காய் என்று வரிசையாக அடுக்கினார்கள். மீனைப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று இருந்தது. பெரியவர் இதை எப்படித் தின்பார் என்று பரிதாபப்பட்டு, மேடம் திரும்புவதற்குள் காசியம்மாள் மேலே மிளகாய்த்தூளைத் தூவிவிட்டாள். மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நோ, நோ! மொளகா பாத்து அப்பா ஓடும்!"

செத்தவர்களை மிளகாய் விரட்டிவிடுமாம். வேறு மீன் பொரித்தார்கள். "நம்மூர்ல ஒறப்பு இல்லன்னாதான் செத்தவன் எழுந்து வந்து சண்ட போடுவான்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

யூன் சாரும் அவர் மகளும் நெற்றி தரையில் படக் கும்பிட்டு முடித்ததும் கொரியாவிலிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே சாரின் அண்ணன் அப்பா சமாதியில் புல் வெட்டிவிட்டு நின்றார். ஒரு சாராயப் பாட்டிலைத் திறந்து, சமாதியைச் சுற்றி மூன்று தடவை ஊற்றினார். மிச்சத்தையும் ஊற்றினார். பெரியவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மேடம் சொன்னாள். காசியம்மாள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, கால் முடிகிறவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாசியில் அவளே பாட்டில் வாங்கி வந்தாள். பங்காளிகளுக்கு ஆச்சரியம். வேடியப்பனுக்குச் சந்தோஷம். சோறு, கருவாட்டுக் குழம்பு, பீடிக்கட்டு, பாட்டில் என எல்லாம் மாயவனின் மண்மேட்டில் வைத்தாயிற்று. கற்பூரம் அணைந்தது. வேடியப்பன் கையை நீட்டுவதற்குள் அவள் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, மேட்டைச் சுற்றி நடந்துகொண்டே கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள்.

"இன்னா அண்ணி, எல்லாத்தியும் ஊத்திட்ட?"

"அண்ணனுக்குன்னு தான கேட்ட? அவருக்கே குடுத்துட்டேன்."

மண் நாற்றம் எழுந்தது. அவன் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். காசியம்மாள் காலிப் பாட்டிலைப் பையில் போட்டாள்.

"நாளைக்கு ஒனக்கும் இங்க ஊத்த எந்தங்கச்சிக்கு நான் கத்துக் குடுக்க மாட்டேம்பா" என்றாள்.

வேடியப்பன் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அன்று அவன் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் என்று போனில் கேட்டேன்.

"மறுநா வெடிகாலையே நான் பஸ் ஏறிட்டேன். செவ்வந்திக்குப் போன் பண்ணிக் கேக்க பயமா இருக்குது" என்றாள்.