அத்தையின் இரண்டாவது பிஸ்டன்

எனக்கு ஒன்பது வயதானபோது, பண்டமாரானில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. நான்கு பேர் சேர்ந்து அதிலிருந்து கடலில் ஓட்டும் ஒரு ஜெட்ஸ்கியை இறக்கி, கார் நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வாங்கியவள் அத்தை, அப்பாவின் தங்கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். கடற்கரையில் வாடகைக்கு ஓடி எஞ்சின் இறுகிப்போன வண்டி; ஏறக்குறைய இரும்பு விலைக்குக் கிடைத்ததாம்.

அத்தைக்கு நீந்தத் தெரியாது. மோரிப் கடற்கரைக்குப் போனால் கணுக்கால் நனைந்ததும் திரும்பிவிடுவாள். அப்பா வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"இத வெச்சு என்னா செய்யப் போறே?"

"ஓட வைக்கப் போறேண்ணே."

"ஓடுனா?"

"ஓடட்டும், அப்புறம் பாப்போம்லா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

சனி ஞாயிறுகளில் அத்தை கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து எஞ்சினைக் கழற்றினாள். இரண்டு பிஸ்டன்களில் ஒன்று உருகி ஓட்டை விழுந்திருந்தது. காப்பார் சாலையில் ஒரு பழைய சாமான் கடையில் அதற்கு மட்டும் மாற்று வாங்கினாள்; மற்றது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றாள். அழுக்கேறிய கார்புரேட்டரை அம்மாவின் பழைய இட்லிப் பானையில் போட்டு, எலுமிச்சைச் சாறு ஊற்றி வேகவைத்தாள். அன்று வீடெல்லாம் ஊறுகாயும் பெட்ரோலும் கலந்த வாசனை. அம்மா பானையை எட்டி நின்று பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாலாக் செலாத்தானிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. முந்தைய மூன்று வரன்களும் தட்டிப்போயிருந்ததால் அம்மா இந்த முறை எதையும் விதியிடம் விடவில்லை. அத்தையின் நகங்களைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தாள். ஜெட்ஸ்கியின் மேல் தீபாவளிக்கு வாங்கிய திரைச்சீலையைப் போர்த்தினாள். யாராவது கேட்டால் பக்கத்து வீட்டு அங்கிளுடையது என்று சொல்லும்படி எனக்குப் பாடம் நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். நானும் படித்த பாடத்தை ஒப்பித்தேன்.

"இல்லங்க ஆன்டி, என்னுதுதான்" என்றது உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மாப்பிள்ளையோ பலகாரத் தட்டைக்கூடத் தொடாமல் வெளியே போய்த் திரைச்சீலையை விலக்கி, குந்தி உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே அத்தையும் போனாள். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். "ஒரு பிஸ்டன மட்டும் மாத்துனா பத்தாதுங்க, ரெண்டையும் மாத்தணும்" என்று அவர் சொல்ல, அத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. உள்ளே பெரியவர்கள் நாள் பார்ப்பதைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கிளம்பும்போது அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் நானே இத முடிச்சுக் கொடுத்துடுறேன். நீங்க இனிமே கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்க வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

கார் தெருமுனை திரும்பியதும் அத்தை வேண்டாம் என்றாள்.

அப்பாவுக்கு வந்த கோபத்தில் பலகாரத் தட்டு நகர்ந்தது. "அவர்கிட்ட என்னா குறை?"

"குறை ஒண்ணும் இல்லண்ணே. நல்லவருதான்."

"பின்னே?"

அத்தை கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். அம்மாதான் அதிகம் கத்தப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ அத்தையைப் பார்த்துவிட்டு, "விடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து அத்தை அந்த இன்னொரு பிஸ்டனையும் வாங்கி மாட்டினாள். ஒரு ஞாயிறு காலை, முதலில் நீலப் புகை வந்தது, பிறகு தெருநாய்களையெல்லாம் விரட்டும் சத்தம். எஞ்சின் ஓடியது. அப்பா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார், சிரித்துவிட்டு அதை மறைக்கப் பார்த்தார். அம்மா கரண்டியோடு வந்தாள்.

"நான் ஒரு தடவ அமுக்கிப் பாக்கவா?"

அத்தை நிறுத்திக் காட்டினாள். அம்மா பொத்தானை அழுத்தி ஓடவிட்டாள், நிறுத்தினாள், மறுபடி ஓடவிட்டாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று நான் சொன்ன பிறகும் விடவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது, மனத்தில் அரித்துக்கொண்டிருந்ததை அம்மாவிடம் கேட்டேன்: "அந்த அங்கிளே செஞ்சு கொடுக்கிறேன்னு சொன்னாரே, அப்புறம் ஏம்மா அத்தை வேணாம்னாங்க?"

"அதனாலதான்" என்றாள் அம்மா.

அவள் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன்.